எக்ஸ்ரே ரூம் கம்ப்யூட்டரும் செக்யூரிட்டி பிளஸ் தேர்வும்

கோத்தகிரியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர், நெட்வொர்க் எல்லாம் பார்த்துக்கொள்கிறேன். வேலையோடு வேலையாகப் படித்து காம்ப்டியா நிறுவனம் நடத்தும் செக்யூரிட்டி பிளஸ் என்ற கம்ப்யூட்டர் பாதுகாப்புச் சான்றிதழ்த் தேர்வில் தேறினேன். ஆஸ்பத்திரியில் இருந்துகொண்டு இதற்குப் படிப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் மாதம் வீடியோ பார்ப்பதிலும் குறிப்பெடுப்பதிலுமே போனது. மாதிரித் தேர்வில் மார்க் ஏறவில்லை. வழி காட்டியது எங்கள் எக்ஸ்ரே ரூம் கம்ப்யூட்டர்தான். அதில் இருப்பது விண்டோஸ் 7. மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியிலேயே அதற்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டை நிறுத்திக் கைகழுவிவிட்டது. மாற்றலாம் என்றால், "கை வைத்தால் மெஷின் ஓடாது" என்கிறார் சர்வீஸ்காரர். ஒரு சாயங்காலம் அதன் முன்னாலேயே உட்கார்ந்து நெட்வொர்க் செக்மென்டேஷன், அதாவது நெட்வொர்க்கைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரிக்கும் பாடத்தைப் படித்தேன். அந்த வாரமே அந்தக் கம்ப்யூட்டரைத் தனி விலானில் (அப்படிப் பிரித்த ஒரு பகுதி) போட்டு, இன்டர்நெட்டை வெட்டி, படம் சேமிக்கும் சர்வரோடு மட்டும் பேசும்படி ஃபயர்வாலில் வழிவிட்டேன். பென்டிரைவ் போர்ட்டையும் மூடினேன். அதற்கப்புறம் 'காம்பன்சேட்டிங் கன்ட்ரோல்' (நேரடிப் பாதுகாப்பு முடியாதபோது செய்யும் மாற்று ஏற்பாடு) என்று கேள்வி வந்தால் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

பாடத்தில் தகவலின் ரகசியத்தைக் காப்பது முதலில் வரும். ஆஸ்பத்திரியில் சிஸ்டம் ஓடுவதும் உயிர்ப் பிரச்சினை. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் தாக்கியபோது இங்கிலாந்தில் ஆபரேஷன்களைத் தள்ளிவைத்தார்கள், ஆம்புலன்ஸ்களை வேறு ஆஸ்பத்திரிக்குத் திருப்பினார்கள். அதைத் தடுக்கும் அப்டேட் மார்ச்சிலேயே வந்திருந்தது. 2022 நவம்பரில் சைபர் தாக்குதலில் டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியின் சர்வர்கள் முடங்கி, பல நாள் பேப்பரில்தான் வேலை நடந்தது. இந்த இரண்டையும் நன்றாகப் படித்துவைத்துக்கொள்ளுங்கள். பேக்கப், பேட்ச் (ஓட்டையை அடைக்கும் அப்டேட்), இன்சிடென்ட் ரெஸ்பான்ஸ் (தாக்குதல் நடந்தால் சமாளிப்பது) மூன்றும் இவற்றிலேயே புரிந்துவிடும்.

எங்கள் நர்ஸ்கள் பயன்படுத்தும் கம்ப்யூட்டரில் இன்னொரு சிக்கல்: கீபோர்டுக்கு அடியில் பாஸ்வேர்டு எழுதி ஒட்டிய சீட்டு. மூன்று ஷிப்டுக்கும் ஒரே லாகின். "இது கூடாது சிஸ்டர்" என்றேன். "மூச்சுத்திணறலோட ஒருத்தர் வந்து நிக்கிறப்போ நான் பாஸ்வேர்டு தட்டிக்கிட்டு நிக்கவா தம்பி?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். யார் எந்த ரெக்கார்டைத் திறந்தார் என்று தெரியாமல் போவதும் ஆபத்துதான். தட்டினால் திறக்கும் கார்டு கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

தேர்வில் 90 நிமிடம், அதிகபட்சம் 90 கேள்விகள். 900க்கு 750 வேண்டும். செய்து காட்டும் கேள்விகள் எனக்கு முதலிலேயே வந்தன. அவற்றைக் குறித்துவைத்துவிட்டு மற்றதை முடித்தேன், கடைசியில் இருபது நிமிடம் மிஞ்சியது. மையம் கோவையில். மழைக்காலம் என்றால் முந்தின நாளே மலையிறங்கிவிடுங்கள். மேட்டுப்பாளையம் ரோட்டில் மரம் விழுந்தால் பஸ் எப்போது கிளம்பும் என்று யாராலும் சொல்ல முடியாது.