இமைச் சிமிட்டலை அளந்தபோது தூக்கம் செய்த வேலை

இடது பக்கம் வாய் கோணி, அந்தக் கண்ணை மூட முடியாமல் போன பன்னிரண்டாம் நாள், இமைச் சிமிட்டல் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்கள். பெல்ஸ் பால்சி, அதாவது ஒரு பக்க முகவாதம், என்று சொல்லி ஸ்டீராய்டு மாத்திரை ஏற்கெனவே தொடங்கியிருந்தது. அது என் தூக்கத்தை நன்றாகவே கெடுத்திருந்தது.

படுக்கவைத்து, இரண்டு கண்களுக்கும் கீழே மின்முனைகளை ஒட்டினார்கள். புருவ எலும்பைத் தடவினால் ஒரு சின்னப் பள்ளம் தட்டுப்படும், அங்கேதான் ஷாக். ரப்பர் பேண்டால் சுண்டியதுபோல இருக்கும், அவ்வளவுதான்.

முதலில் நல்ல பக்கமான வலது. ஷாக் பட்ட சுமார் 10 மில்லிசெகண்டில் இமைத் தசையின் துடிப்பு திரையில் ஓர் அலையாக வரும், 30-ஐத் தாண்டி இன்னொன்று. முதல் அலை ஷாக் பட்ட பக்கம் மட்டும் வரும். இரண்டாவது இரு பக்கமும் வர வேண்டும். கண் மூடுவது அதனால்தான்.

மங்கலான அறை, ஏசி, பல நாள் தூக்கக் கடன். கண் சொருகியது. திரையில் வலது கண்ணின் இரண்டாவது அலையே சுருங்கிப்போனது. "அக்கா, தூங்கிடாதீங்க. நூறுலேர்ந்து ஏழு ஏழா கழிச்சுச் சொல்லுங்க" என்றார் டெக்னீஷியன். 93, 86, 79... சொல்லச் சொல்ல அந்த அலை மறுபடி எழுந்து நின்றது. முதல் அலையோ இத்தனைக்கும் அசையவே இல்லை.

அப்புறம் அவரிடம் காரணம் கேட்டேன். முதல் அலைக்கு மூளைத்தண்டில் குறுக்கு வழி. இரண்டாவது, மூளைத்தண்டின் அடிப்பகுதியான முகுளம் வரை இறங்கிப் பல நரம்பணுக்கள் கைமாறி வருகிறது. விழிப்பு குறைந்தால் அந்த வழிதான் முதலில் தளரும். ஒரே இடைவெளியில் ஷாக் கொடுத்தாலும், வரப்போவது தெரிந்தாலும் அந்த அலை சிறுத்துவிடும். அதனால்தான் அவர் சொல்லாமல், முன்னே பின்னே நேரம் விட்டு ஷாக் கொடுத்துக்கொண்டிருந்தார். சொருகியபோது பதிந்ததை அப்படியே விட்டிருந்தால் நல்ல பக்கத்திலும் கோளாறு என்று அறிக்கை வந்திருக்கும். பொறுமையாக மறுபடி எடுத்த அவரை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

இடது புருவத்தில் ஷாக் கொடுத்தபோது வலது கண் சரியான நேரத்தில் சிமிட்டியது, இடது தாமதித்தது. அதாவது தொடுகையைக் கொண்டுபோகும் ஐந்தாம் நரம்பு நலம், இமையை மூடவைக்கும் ஏழாம் நரம்பில்தான் பழுது.

இந்தப் பரிசோதனைக்குப் போகிறவர்கள் முந்தைய இரவு தூங்கப் பாருங்கள். டயசெபாம் போன்ற பதற்றம் தணிக்கும் மாத்திரை எடுத்தால் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், அதுவும் இரண்டாவது அலையை அமுக்கும். கண் சொருகினால் தயங்காமல் சொல்லுங்கள், காத்திருந்து எடுப்பார்கள்.

எனக்கு இமை முழுதாக மூட ஏழு வாரம் ஆனது. அதுவரை பகலில் சொட்டு மருந்து, இரவில் இமைமேல் டேப்.