உலாவிக்குள் முனையம்: மூன்று இரவுகளை எடுத்துக்கொண்ட இரண்டு ஹெடர்கள்

நேற்றிரவு என் சர்வரின் முனையம் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரை) உலாவியின் ஒரு தாவலுக்குள் முதன்முறையாகத் துண்டிக்கப்படாமல் நின்றது. தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் நிறுவ அனுமதியில்லாத கணினியிலிருந்தும் உள்ளே வர ஒரு வழி வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தவனுக்கு இது பெரிய மகிழ்ச்சி.

முனையத்தை உலாவியில் காட்டும் டிடிஒய்டி (ttyd) என்ற நிரலை நிறுவுவதிலோ, அதைச் சர்வருக்குள்ளிருந்து மட்டுமே எட்டக்கூடிய 127.0.0.1 முகவரியின் 7681 போர்ட்டில் மட்டும் இயங்கவைப்பதிலோ, கோரிக்கைகளை வாங்கிப் பின்னால் கடத்தும் பிராக்சியாக முன்னால் என்ஜின்எக்ஸை வைத்து, இணைப்பை மறையாக்கும் டிஎல்எஸ் சான்றிதழ் இணைப்பதிலோ சிக்கல் எழவில்லை. பக்கம் வந்தது, கறுப்புத் திரையும் வந்தது. கட்டளைக்காகக் காத்திருக்கும் ஷெல் பிராம்ப்ட் மட்டும் வரவில்லை. முதல் இரண்டு இரவுகளை ஃபயர்வாலைச் சந்தேகிப்பதிலேயே செலவிட்டேன். உலாவியின் நெட்வொர்க் பகுதியைத் திறந்து பார்த்தபோதுதான், உலாவிக்கும் சர்வருக்கும் இடையே தொடர் இணைப்பைத் திறக்கும் வெப்சாக்கெட் கோரிக்கைக்கு 101 (இணைப்பு மாற்றப்பட்டது) என்ற விடை வரவேண்டிய இடத்தில் 404 (கிடைக்கவில்லை) நிற்பது தெரிந்தது.

அப்கிரேட், கனெக்‌ஷன் ஆகிய இரண்டு ஹெடர்களையும் (கோரிக்கையோடு செல்லும் குறிப்பு வரிகள்) பிராக்சி தானாகப் பின்னால் கடத்தாது என்பதும், அவற்றை நாமே எழுதி, ஹெச்டிடிபி 1.1 என்றும் குறிப்பிட வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். மூன்றையும் என்ஜின்எக்ஸ் கட்டமைப்பின் சர்வர் தொகுதியில் எழுதியும் இருந்தேன். ஆனால் அதற்குள் இருந்த லொகேஷன் தொகுதியில் ஹோஸ்ட் ஹெடருக்காக ஒரேயொரு 'பிராக்சி செட் ஹெடர்' வரியைச் சேர்த்திருந்தேன். உள் தொகுதியில் அவ்வகை வரி ஒன்று இருந்தாலும், வெளித் தொகுதியில் எழுதிய அவ்வகை வரிகள் அனைத்தும் அங்கே செல்லாமற் போய்விடும் என்பது என்ஜின்எக்ஸின் விதி. கட்டமைப்பில் இலக்கணப் பிழை எதுவும் இல்லாததால் சோதனைக் கட்டளையும் சரி என்றே சொல்லிக்கொண்டிருந்தது. ஹோஸ்டோடு சேர்த்து மூன்று ஹெடர் வரிகளையும் லொகேஷன் தொகுதிக்குள் ஒன்றாக வைத்து மறுபடி ஏற்றியதும் பிராம்ப்ட் வந்தது. இதே கறுப்புத் திரையில் நிற்பவர்கள் வேறெதையும் தொடுவதற்கு முன் அந்த 101-ஐத் தேடிப் பார்க்குமாறு வேண்டுகிறேன்.

பிராம்ப்ட் வந்த பின்னும் எழுத்து விழவில்லை. டிடிஒய்டியின் புதிய பதிப்புகளில் முனையம் இயல்பாகவே படிக்க மட்டும் திறக்கிறது. எழுத வேண்டுமானால் அதை இயக்கும் கட்டளையில் பெரிய எழுத்து டபிள்யூ (-W) விருப்பத்தைச் சேர்க்க வேண்டும். இந்த எச்சரிக்கையை நான் மனமார வரவேற்கிறேன், ஏனெனில் திறந்து விடப்படுவது முழு ஷெல். அதே காரணத்தால், வேறு தளத்திலிருந்து வரும் வெப்சாக்கெட் கோரிக்கைகளை மறுக்கும் ஆரிஜின் சோதனையையும் இயக்கிவிட்டேன். பயனர்பெயர், கடவுச்சொல்லோடு நிறுத்தாமல், உலாவியில் நிறுவிய கிளையன்ட் சான்றிதழ் இல்லாதவரை என்ஜின்எக்ஸே திருப்பி அனுப்பும்படி செய்வது அடுத்த திட்டம். அதற்கான சொந்தச் சான்றிதழ் ஆணையத்தை ஓப்பன்எஸ்எஸ்எல்லில் உருவாக்கத் தொடங்கியும் விட்டேன்.

ஆனால் தற்போதைய கட்டமே இன்னும் முடியவில்லை. ஒரு சொல்லை அழிக்கக் கன்ட்ரோல்-டபிள்யூவை அழுத்தினால் உலாவி தாவலையே மூடிவிடுகிறது. இணைப்பு போனாலும் ஷெல்லைத் தொடர்ந்து இயங்கவைக்கும் டிமக்ஸுக்குள் அதை இயக்குவதால் வேலை அழிவதில்லை. திரும்பத் திறந்தால் விட்ட இடத்திலேயே இருக்கிறது. என் ஷெல்லான பாஷில் ஆல்ட்-பேக்ஸ்பேஸ் ஏறக்குறைய அதே பணியைச் செய்வதால் விரல்களை அதற்குப் பழக்கி வருகிறேன். விம் உரைத்திருத்தியில் சாளரம் மாறுவதற்கும் கன்ட்ரோல்-டபிள்யூவையே நம்பியிருப்பதால், அங்கே எந்த விசையை அமர்த்துவது என்பதை மட்டும் இன்னும் முடிவு செய்யவில்லை.