அஸ்லாக்சனின் நிதானம்: ஓர் ஒத்திகை நாட்குறிப்பு

7 ஜூன் 2025, சனி

நோர்வே நாடகாசிரியர் இப்சனின் ‘மக்கள் விரோதி’ நாடகத்தை மேடை வாசிப்பாக நிகழ்த்துவதென்று முடிவாகி, இன்று பாத்திரங்களைப் பிரித்துக் கொடுத்தார்கள். டாக்டர் ஸ்டொக்மன் எனக்குத்தான் என்று உள்ளூர நம்பிக்கொண்டு போனேன். கிடைத்தவர் அச்சகக்காரர் அஸ்லாக்சன். வசனம் குறைவு, வீராவேசம் அறவே இல்லை. முகம் சுண்டியதை இயக்குநர் கவனித்திருக்க வேண்டும். “ஸ்டொக்மனை யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம் சார், அஸ்லாக்சனுக்குத்தான் ஆள் கிடைப்பதில்லை” என்றார். அது பாராட்டா என்பது இன்னும் விளங்கவில்லை.

நாடகத்தின் கதை இது: தென் நோர்வேயின் கடலோரச் சிற்றூர் ஒன்று மருத்துவக் குளியல் நிலையத்தை நம்பிப் பிழைக்கத் தொடங்கியிருக்கிறது. முந்தைய ஆண்டு வந்த விருந்தினர் சிலருக்குக் காய்ச்சல் கண்டதில் ஐயம் கொண்ட நிலைய மருத்துவர் ஸ்டொக்மன், தண்ணீரைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிச் சோதித்து, மேலேயுள்ள தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு அதில் கலப்பதை உறுதிசெய்கிறார். அவருடைய அண்ணன்தான் நகரத் தலைவர். நிலையக் குழுவின் தலைவரும் அவரே. மருத்துவரின் மாமனாரான ஆலைக்காரர் கீல் பாத்திரத்தை வாசிப்பவர் வாணியம்பாடிக்காரர். தோல் ஊறும் தொட்டியின் வாடை எப்படியிருக்கும் என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

8 ஜூன், ஞாயிறு

மூன்றாம் அங்கம். பத்திரிகை அலுவலகத்தில், தண்ணீரைப் பற்றிய மருத்துவரின் கட்டுரை அச்சுக்குத் தயாராக இருக்கிறது. ஆசிரியர் ஹோவ்ஸ்டாட் புரட்சிக்கே நாள் குறித்துவிட்டார். வீட்டுரிமையாளர் சங்கம் மருத்துவரின் பின்னால் நிற்கும் என்று நானும், அதாவது அஸ்லாக்சனும், வாக்குக் கொடுத்தாயிற்று. அப்போது நகரத் தலைவர் வந்து கணக்குச் சொல்கிறார்: குழாய்களை மாற்ற இரண்டு லட்சம் குரோனர் அளவுக்குச் செலவாகும், அதை நகரம் கடன் வாங்கித்தான் கட்ட வேண்டும், நிலையம் இரண்டு ஆண்டுகள் மூடிக்கிடக்கும். தண்ணீர் கெட்டிருக்கிறதா இல்லையா என்ற கேள்வி அந்த நொடியில் அறையைவிட்டு வெளியேறிவிடுகிறது. எல்லாம் வெறும் கற்பனை என்று தலைவர் சொன்னதும் யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை என்பதைக் கவனித்தேன். அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திக்கொள்கிறார்கள், அவ்வளவே.

மருத்துவர் வரும் ஓசை கேட்டுப் பக்கத்து அறையில் ஒளியும் தலைவர், தம் பதவித் தொப்பியையும் கைத்தடியையும் மறந்துவிட்டுப் போகிறார். மருத்துவர் அந்தத் தொப்பியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, ஊரே தம் பக்கம் என்ற நினைப்பில் அண்ணனைச் சீண்டுகிறார். இன்று எல்லோரும் சிரித்தோம். அவரைச் சுற்றி நிற்கும் மூவரும் ஏற்கெனவே கட்சி மாறிவிட்டார்கள் என்பது அவருக்கு மட்டும் தெரியாது. இதை இன்பியல் நாடகம் என்பதா என்று இப்சனே தம் பதிப்பாளருக்கு எழுதிய கடிதத்தில் தயங்கியிருக்கிறார்.

14 ஜூன், சனி

இன்று ஒரு சொல்லுக்காக ஒரு மணி நேரம் போயிற்று. அஸ்லாக்சன் மூச்சுக்கு மூச்சு ஒரே சொல்லைச் சொல்பவர். ‘மிதம்’ என்று பிரதியில் இருந்தது, வாயில் ஒட்டவில்லை. ‘அளவோடு’ என்றால் சமையல் குறிப்பாகிவிடுகிறது. “நிதானம் வேண்டும்” என்று நான் சொல்லிப் பார்த்ததும் எல்லோரும் தலையாட்டினார்கள். அஸ்லாக்சன் மதுவிலக்குச் சங்கத்திலும் இருப்பவர் என்பதால், குடிக்காதவனின் தெளிவையும் குறிக்கும் அந்தச் சொல் அவருக்கென்றே தைத்த சட்டைபோல அமைந்துவிட்டது.

ஆனால், அந்த வசனங்கள் எனக்கு மனப்பாடம் செய்யாமலே வந்துவிட்டன என்பதுதான் வீடு திரும்பும் வழியெல்லாம் உறுத்தியது. இருபது ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த இடத்தில், தரம் குறைந்த சரக்கை ஏற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட மறுத்தார் உடன் பணியாற்றிய ஒருவர். கூட்டத்தில் நான் அவருக்கு எதிராக ஒரு சொல்லும் பேசவில்லை. “நிதானமாக யோசித்து அடுத்த கூட்டத்தில் வைத்துக்கொள்ளலாம்” என்று மட்டும் சொன்னேன். அடுத்த கூட்டத்துக்குள் அவருக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டது.

15 ஜூன், ஞாயிறு

நான்காம் அங்கம், பொதுக்கூட்டம். ஊரில் வேறெவரும் இடம் தராததால் கப்பல் தலைவர் ஹோர்ஸ்டரின் வீட்டில் மருத்துவர் கூட்டிய கூட்டம் அது. வந்தவர்கள் முதல் வேலையாகத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள்; தலைவர் அஸ்லாக்சன். தாம் கூட்டிய கூட்டத்திலேயே தண்ணீரைப் பற்றிப் பேசக்கூடாதென்று மருத்துவருக்குத் தடை. வன்முறை எதுவும் இல்லை, எல்லாம் முறைப்படி நடக்கிறது.

தடுக்கப்பட்டவர் வேறொன்றைப் பேசத் தொடங்குகிறார். உண்மைக்கு ஆயுள் பதினேழு பதினெட்டு ஆண்டுகள், மிஞ்சினால் இருபது என்பது வரை நானும் உடன் போவேன். உயர்சாதி நாயையும் தெருநாயையும் ஒப்பிட்டு மனிதருக்கு வரும்போது எனக்குக் கசக்கிறது. 1950இல் இதை அமெரிக்க மேடைக்காக மாற்றி எழுதிய ஆர்தர் மில்லர் அந்தப் பகுதியை நீக்கிவிட்டார். நாமும் வெட்டலாம் என்றேன். இயக்குநர் மறுத்தார்: “அவர் நல்லவராக இருந்தால்தான் தண்ணீர் கெட்டிருக்குமா?” பதில் சொல்ல முடியவில்லை. மருத்துவர் தம்மைவிட அதிகம் குழம்பிய மனத்தவர் என்று இப்சனே எழுதியிருக்கிறார்.

பிறகு வாக்கெடுப்பு. நீலத் தாள் என்றால் இல்லை, வெள்ளைத் தாள் என்றால் ஆம். குடித்திருந்த ஒருவரைத் தவிர அனைவரும் ஒருமனதாக ஸ்டொக்மனை மக்கள் விரோதி என்று அறிவித்ததாக அஸ்லாக்சன் சொல்கிறார். அந்தக் கூட்டத்தில் ஊரோடு ஒத்துப்போகாத ஒரே வாக்கு, நிதானம் இழந்தவருடையது. நேற்று அந்தச் சொல்லைத் தேர்ந்தபோது இது எனக்குத் தோன்றவேயில்லை.

21 ஜூன், சனி

ஐந்தாம் அங்கத்தில் எனக்கு வேலை குறைவு என்பதால் உட்கார்ந்து கேட்டேன். சன்னல்கள் உடைந்திருக்கின்றன, அறைக்குள் விழுந்த கற்களை மருத்துவர் பொறுக்கிப் பார்த்து, உருப்படியான பெரிய கல் இரண்டே இரண்டுதான், மற்றதெல்லாம் வெறும் சரளை என்று அலுத்துக்கொள்கிறார். வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்கிறார், மகள் பெட்ராவுக்குப் பள்ளி வேலை போகிறது, இடம் கொடுத்த ஹோர்ஸ்டருக்குக் கப்பல் இல்லை. வெளியேற்றியவர்கள் யாருக்கும் தனிப்பட்ட பகை கிடையாது; ஊர் என்ன சொல்லுமோ என்ற பயம், அவ்வளவுதான்.

உண்மைக்காகப் போராடப் போகும்போது நல்ல கால்சட்டையை அணியக்கூடாது என்று மருத்துவர் இங்கே சொல்வது வேடிக்கை வசனம். 1901இல், மாணவர் ஆர்ப்பாட்டம் ஒன்று ஒடுக்கப்பட்ட நாளில், ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க்கில் மருத்துவராக நடித்த ஸ்தானிஸ்லாவ்ஸ்கி இதைச் சொன்னபோது பார்வையாளர்கள் கொந்தளித்து எழுந்து மேடையை நோக்கிக் கை நீட்டியிருக்கிறார்கள். சத்யஜித் ராய் தம் ‘கணசத்ரு’ படத்தில் குளியல் நிலையத்தைக் கோயில் தீர்த்தமாக மாற்றியதோடு, முடிவில் வாசலுக்கு வெளியே ஆதரவுக் குரல்களையும் எழுப்பினார். எனக்கு இப்சனின் முடிவுதான் பிடிக்கிறது. அங்கே வாசலில் யாரும் வரவில்லை.

28 ஜூன், சனி

வாசிப்பு முடிந்து இப்போதுதான் வந்தேன். வாக்கெடுப்பில் பார்வையாளரையே ஊர்மக்களாக்குவது இயக்குநரின் யோசனை. இருக்கைதோறும் ஒரு நீலத் தாளும் ஒரு வெள்ளைத் தாளும் வைத்திருந்தோம். நான் தட்டை ஏந்தி வரிசை வரிசையாக நடந்தேன். மூன்றாம் வரிசையில் ஒரு பெரியவர் இரண்டு தாள்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்ததில் தட்டு அங்கேயே நின்றது. கடைசியில் நீலத்தை நான்காக மடித்து, வெள்ளைத் தாள்களுக்கு அடியில் செருகினார்.

மேடையேறி எண்ணினேன். தட்டில் பதினொரு நீலத் தாள்கள் இருந்தன. மணியை அடித்து, பிரதியில் உள்ளபடியே அறிவித்தேன்.