அறுகம்குடா: காற்றைப் பார்த்துப் போங்கள்

கொழும்புப் பக்கம் கடல் கொந்தளித்து மழை கொட்டும் மே முதல் செப்டம்பர் வரைதான், இலங்கையின் கிழக்குக் கரையில் அலைச்சறுக்குக்குப் பேர்போன அறுகம்குடாவுக்கு நல்ல காலம். தென்மேற்குக் காற்று ஈரத்தையெல்லாம் மலைநாட்டில் இறக்கிவிட்டு, கிழக்கே வறண்ட கச்சான் காற்றாக வந்து சேர்கிறது. நவம்பரில் வடகிழக்கு வாடைக் காற்று திரும்பினால் இங்கே மழை, கலங்கிய கடல், பூட்டிய விடுதிகள். டிசம்பர் விடுமுறையை நம்பி அறை பதிவு செய்பவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

ரயில் பக்கத்து நகரமான பொத்துவில் வரை வராது. மட்டக்களப்பில் இறங்கினால் கல்முனை, அக்கரைப்பற்று வழியாக பஸ்ஸில் நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். கொழும்பிலிருந்து வந்தால் மொனராகலை, சியம்பலாண்டுவ தாண்டி லாகுகலைக் காடு வரும். அந்தத் துண்டை வெளிச்சத்திலேயே கடந்துவிடுங்கள், பொழுது சாய்ந்தால் யானைகள் வீதிக்கு வரும். பொத்துவில் நகரிலிருந்து குடா சுமார் மூன்று கிலோமீட்டர்தான், ஆட்டோ போதும்.

ஊரைப் பிரபலமாக்கிய அலை, தெற்கு முனையில் பாறைத் திட்டின் மேல் உடைகிறது. கரையில் நின்று பார்த்தால் நுரை முனையிலிருந்து இடப்பக்கமாக உரிந்துகொண்டே குடாவுக்குள் ஓடும். சறுக்குப் பலகையில் கரையைப் பார்த்து நிற்பவருக்கு அதுவே வலப்பக்கம். அழகான அலைதான், ஆனால் பழகாதவர்களுக்கு அங்கே வேலையில்லை. அடியில் கூரான பாறையும் கடல் முள்ளெலியும் இருக்கின்றன, கூட்டமும் அதிகம். முதல்முறை பலகை எடுப்பவர்கள் வடக்கே விஸ்கி பாயிண்ட் அல்லது தெற்கே பீநட் ஃபார்ம் போகலாம். காலை பத்து மணிக்குள் போங்கள். அதன்பின் கடற்காற்று ஏறி அலையின் முகத்தைக் குலைத்துவிடும்.

எட்டு, ஒன்பது அடி நீளமுள்ள, மேற்பரப்பு மென்மையான மெதுபலகை கேளுங்கள். குட்டைப் பலகை பார்க்க நன்றாக இருக்கும், புதியவரைத் தாங்காது. பலகையோடு இணைந்த கயிற்றைப் பின்னால் ஊன்றும் காலில் கட்டுங்கள். படுக்கும்போது உடல் முன்னுக்குப் போனால் அலை தள்ளியதும் பலகையின் மூக்கு, அதாவது முன்முனை, தண்ணீருக்குள் குத்தும், பின்னுக்கு இருந்தால் அலை உங்களை விட்டுவிட்டு அடியால் போய்விடும். பலகையின் மூக்கு நீர்மட்டத்துக்கு இரண்டு மூன்று விரல் மேலே நிற்கும் இடம்தான் சரி. விழுந்தால் காலை ஊன்றாமல் தட்டையாக விழுந்து, மேலே வரும்போது தலையைக் கைகளால் மூடிக்கொள்ளுங்கள். தலையில் அடிப்பது பெரும்பாலும் சொந்தப் பலகைதான். பாறை கீறினால் சிறு காயம் என்று விடாமல் நல்ல தண்ணீரில் கழுவி மருந்து போடுங்கள். ஈரத்திலேயே இருந்தால் புண் ஆறாது.

வெறுமனே குளிக்க, மீனவர் தோணிகள் ஏற்றிவைத்திருக்கும் தெற்கு மூலையே நல்லது. முனை அலையை மறைத்துக்கொடுக்கும்.

குடாவுக்குத் தெற்கே உள்ள யானைப்பாறையில் ஏறி மாலைச் சூரியனைப் பார்ப்பது எல்லோருக்கும் பிடித்த விஷயம். ஆனால் சூரியன் மேற்கே, களப்புக்கும் (கடலோர உப்பங்கழி) காட்டுக்கும் மேலேதான் இறங்குகிறது. இருட்டுமுன் திரும்பிவிடுங்கள், யானைகள் நடமாடும் இடம் அது. களப்பு கடலோடு சேரும் வாயை நடந்து கடக்க வேண்டாம், தண்ணீர் முழங்கால் அளவு தெரிந்தாலும் முதலை இருக்கும்.

ஒரு முழு நாளைத் தெற்கே கொடுங்கள். குடாவிலிருந்து பாணமை ஊர் வழியாக சுமார் 30 கிலோமீட்டரில் உகந்தமலை முருகன் கோயில், அதை ஒட்டியே குமண தேசிய பூங்காவின் வாசல். இருட்டோடு புறப்பட்டால்தான் விடியும்போது உள்ளே இருக்கலாம். நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப் வேண்டும், காரை மணல் விழுங்கிவிடும். மே, ஜூனில் குமண வில்லு என்னும் சதுப்பு நீர்நிலையின் மரங்களில் கூழைக்கடாவும் நாரையும் கூடுகட்டியிருக்கும். கதிர்காம ஆடித் திருவிழாவுக்கு முன், அறிவிக்கும் நாட்களில் பாதயாத்திரைக்காரர்களுக்கு பூங்காவின் ஊடாகப் போகும் காட்டுப்பாதை திறக்கும். அந்த நாட்களில் உகந்தையில் ஜீப்புக்கு இடம் கிடைப்பது கஷ்டம், ஆனால் அரோகராச் சத்தத்தோடு மூட்டை சுமந்து காட்டுக்குள் இறங்கும் வரிசையைப் பார்க்கலாம்.