தட்டிப் பார்த்த கட்டடங்கள்

டொரன்டோவில் எனக்குக் கிடைத்த முதல் வேலையில், முதல் நாள் கையில் கொடுத்தது ஒரு சுத்தியல். ஊரில் சிவில் படித்து, நான்கு வருடம் ஏ.சி. அறையில் வரைபடம் போட்டுவிட்டு வந்தவன் நான். இங்கேயும் ஒரு கம்ப்யூட்டர் தருவார்கள் என்று நினைத்திருந்தேன். மேலதிகாரி போலந்துக்காரர், ஓய்வு பெறப்போகிற வயது. பதினாறாம் மாடிப் பால்கனியில் என்னை நிறுத்தி, தரையைக் காட்டி, "தட்டு" என்றார். தட்டினேன். 'டிங்' என்றது. ஒரு அடி தள்ளித் தட்டச் சொன்னார். 'பொத்' என்றது. அவ்வளவுதான் பயிற்சி. தேங்காயைத் தட்டி வாங்கத் தெரிந்தவனுக்கு அதற்கு மேல் சொல்லித்தர ஒன்றுமில்லை.

'பொத்' என்றால் உள்ளே கம்பி துருப்பிடித்து, மேலே இருக்கிற கான்கிரீட் கழன்றுவிட்டது என்று பொருள். இரும்பு துருவானால் பருத்துப் பல மடங்கு இடம் கேட்கும். மேலிருந்து அமுக்கினால் கான்கிரீட் தாங்கிக்கொள்ளும், உள்ளேயிருந்து பிதுக்கினால் தாங்காது. வெளியே மயிரிழை விரிசல்கூடத் தெரியாமல் உள்ளே ஏடு ஏடாகப் பிரிந்து கிடக்கும். சத்தம் எங்கே மாறுகிறதோ அந்த எல்லையில் ஆரஞ்சு நிறத்தில் கோடு போட வேண்டும். தளத்தின் அடிப்பக்கத்தையும் இப்படியே தட்டிக் கோடு போட்டுக்கொண்டு வருவோம். வேலை முடிந்து கீழே இறங்கி அண்ணாந்து பார்த்தால் கட்டடத்துக்கு அம்மை போட்டதுபோல இருக்கும்.

இருபது வருடமாக இதே பிழைப்பு. நூற்றுச்சொச்சம் கட்டடங்களைத் தட்டியிருப்பேன். அதில் 'அழகு' என்று மனசாட்சியோடு சொல்லக்கூடியவை நாலைந்து தேறினால் அதிகம். ஒரு தடவை ஊரிலிருந்து மச்சான் வந்திருந்தார். பியர்சன் விமான நிலையத்திலிருந்து 401 நெடுஞ்சாலையில் கிழக்கே கூட்டிக்கொண்டு வருகிறேன். பத்து நிமிடம் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தவர், "என்ன மாப்ள, கனடான்னு சொன்னே, வழியெல்லாம் ஹவுசிங் போர்டா இருக்கே?" என்றார். சிரித்துவிட்டேன். ஆனால் பார்வை சரியானதுதான். நயாகராவையும் சி.என். டவரையும் படத்தில் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு, சாம்பலும் பழுப்புமாக நிற்கிற இந்தச் செவ்வகப் பெட்டிகளைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, பெரும்பாலும் 1960களிலும் 70களிலும், டொரன்டோவில் எழுந்த இப்படிப்பட்ட வாடகைக் கட்டடங்கள் ஆயிரத்துக்கும் மேல். நகரத்தின் நடுவில் மட்டும் கட்டியிருந்தால் புரியும். ஸ்கார்பரோ, நார்த் யார்க், எடோபிகோ என்று அப்போது காடும் வயலும் முடிகிற இடத்திலெல்லாம் கொண்டுபோய் நட்டிருக்கிறார்கள். எல்லாம் ஏன் ஒரே சாடையில் இருக்கின்றன என்பதற்கு எங்கள் தொழிலில் ஒரு எளிய பதில் உண்டு: அச்சு. ஒரு மாடிக்குத் தளம் ஊற்றிய அச்சைப் பெரிய மேசையை இழுப்பதுபோல அப்படியே வெளியே இழுத்து, கிரேனால் தூக்கி, அடுத்த மாடியில் வைத்துவிடுவார்கள். பறக்கும் அச்சு என்று பெயர். அச்சு ஒன்று, மாடி இருபது. இடையில் ஒரு வளைவு வைக்க ஆசைப்பட்டால் அச்சும் மாற வேண்டும், கணக்கும் மாறும். இட்லித் தட்டு வாங்கியவன் இட்லிதான் சுடுவான்.

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. எஸ்டோனியாவில் பிறந்து இங்கே வந்து சேர்ந்த ஊனோ பிரீ என்ற கட்டடக் கலைஞர் அதே காலத்தில், அதே கான்கிரீட்டில் வளைத்து வளைத்துக் கட்டியிருக்கிறார். பிரின்ஸ் ஆர்தர் அவென்யூ 20ஆம் எண் கட்டடம், தரையை நெருங்க நெருங்கப் பாவாடை விரிவதுபோல விரியும். புது ஆட்கள் வேலைக்குச் சேர்ந்தால் நான் அங்கே ஒரு காபியோடு கூட்டிக்கொண்டு போவேன். கான்கிரீட் என்றால் பெட்டிதான் என்ற நினைப்பு போகட்டுமே என்று.

டொரன்டோவில் அசிங்கமான கட்டடம் எது என்று கேட்டால் பலர் கை நீட்டுவது பல்கலைக்கழகத்தின் ரோபார்ட்ஸ் நூலகத்தை. 1973இல் திறந்தது. 14 மாடி, முக்கோண வடிவம், மேலே கனமும் கீழே கோட்டைச் சுவருமாக முழுக்கக் கான்கிரீட். ஒரு பக்கமிருந்து பார்த்துவிட்டுச் சிலர் மயில் என்பார்கள், சிலர் வான்கோழி என்பார்கள். கான மயிலும் அதைப் பார்த்து ஆடிய வான்கோழியும் ஒரே கட்டடமாக நிற்பது உலகத்தில் இங்கே மட்டும்தான் இருக்கும். எனக்கு அந்தக் கட்டடம் பிடிக்கும். பிடிக்காதவர்களோடு சண்டைக்குப் போகவும் மாட்டேன். யாரோ ஒருவர் ராத்திரி கண்விழித்து, ஒவ்வொரு மூலையையும் யோசித்து, இப்படித்தான் இருக்க வேண்டும் என்று வரைந்த அசிங்கம் அது. நான் தட்டுகிற கட்டடங்களின் அசிங்கத்தை யாரும் வரையவில்லை. வருடத்துக்குக் கொஞ்சமாக, டெண்டருக்கு டெண்டர், தானாகச் சேர்ந்தது. அதில் என் கைவரிசையும் இருக்கிறது.

எல்லாம் தண்ணீரில் தொடங்கும். பழைய பால்கனிகளில் கம்பிக் கிராதியின் கால்களைத் தளத்தில் குழிவிட்டு நட்டு, சாந்து வைத்து அடைத்திருப்பார்கள். அந்தக் குழியில் மழை இறங்கும். ராத்திரி உறையும், மதியம் வெயிலில் உருகும், மறுபடி உறையும். உறைகிற தண்ணீர் ஒன்பது விழுக்காடு பருக்கும். விடாமல் மைனஸ் இருபதிலேயே கிடக்கிற ஊரானால்கூடத் தேவலை. டொரன்டோ குளிர்காலம் பூஜ்ஜியத்துக்கு மேலும் கீழுமாக ஊஞ்சல் ஆடும். ஐம்பது வருட ஊஞ்சலில் குழியைச் சுற்றிக் கான்கிரீட் உதிர்ந்து, துருநீர் வடிந்து, ஒவ்வொரு பால்கனி விளிம்பிலும் வெற்றிலை எச்சில் துப்பியதுபோலக் கறை. நாங்கள் போய் வெட்டி ஒட்டுகிறோம். ஒட்டின கான்கிரீட் பழசோடு நிறம் சேரவே சேராது. ஐந்து வருடம் கழித்து வேறொரு கம்பெனி வந்து வேறொரு நிறத்தில் ஒட்டும். அப்புறம் இந்த ஒட்டுகளை மறைக்க ஒரு பெயின்ட். அந்த பெயின்ட் எப்போதும் பழுப்பும் வெள்ளையும் கலந்த அந்த ஒரே நிறம்தான். அழுக்குத் தெரியாது, அடுத்த ஒட்டும் தெரியாது என்று மேலாளர்கள் அதைத்தான் கேட்பார்கள்.

கீழே, கார் நிறுத்துமிடம் இன்னும் மோசம். பனியை உருக்கச் சாலையில் கொட்டுகிற உப்பைக் கார்கள் சக்கரத்தில் சுமந்துகொண்டு வந்து உள்ளே சொட்டவிடும். உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் தின்னும். அங்கே குனிந்து தட்டிக்கொண்டிருந்தால் இடுப்பு போய்விடும் என்பதால் ஒரு இரும்புச் சங்கிலியைத் தரையில் இழுத்துக்கொண்டே நடப்போம். நல்ல இடத்தில் கலகலவென்று வரும் சத்தம் திடீரென்று மந்தமாகும். மாட்டை ஓட்டிக்கொண்டு போவதுபோல இருக்கிறது என்று ஒரு தடவை சொன்னேன், உடன் வந்த கனடாக்காரப் பையனுக்குப் புரியவில்லை.

இது விளையாட்டு இல்லை என்று எங்களுக்கெல்லாம் உறைத்தது 2012 ஜூன் 23. வட ஒன்டாரியோவில் எலியட் லேக் என்ற சிற்றூரில், ஆல்கோ சென்டர் என்ற வணிக வளாகத்தின் கூரை இடிந்து இரண்டு பெண்கள் இறந்தார்கள். கூரையே கார் நிறுத்துமிடம். கட்டிய நாளிலிருந்தே ஒழுகியது. முப்பது வருடம் உப்புத் தண்ணீர் இறங்கி ஒரு இரும்பு இணைப்பைத் தின்றுவிட்டது. வாளி வைத்துப் பிடித்தார்கள், தார் பூசினார்கள், வளாகம் கை மாறியது. மறு வாரம் எங்கள் அலுவலகத்து போன் ஓயவே இல்லை. அதுவரை எங்கள் அறிக்கையைப் பிரித்துக்கூடப் பார்க்காதவர்கள் பக்க எண் சொல்லிக் கேள்வி கேட்டார்கள். ஒரு கட்டடத்தை அழகு, அசிங்கம் என்று பேசுகிறவர்கள் வாசல் வழியாக வருகிறவர்கள். நான் அன்றிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும் முதலில் அடித்தளத்துக் கார் நிறுத்துமிடத்தில் விட்டத்தைப் பார்க்கிறேன். மனைவிக்கு இதில் ரொம்ப எரிச்சல்.

சரி, என் கைவரிசைக்கு வருகிறேன். ஸ்கார்பரோவில் பதினான்கு மாடி வாடகைக் கட்டடம் ஒன்று. பார்வைக்குச் சாதாரணம், ஆனால் ஒரு அழகு இருந்தது. பால்கனி கைப்பிடிச் சுவர் முழுக்கக் கான்கிரீட் ஜாலி. நம் ஊரில் மாடிப்படிப் பக்கம் காற்றுக்கு வைப்போமே, அதேபோலச் சாய்சதுர ஓட்டைகள். சாயங்கால வெயிலில் பதினான்கு மாடியிலும் கோலம் போட்டதுபோல நிழல் விழும். தட்டிப் பார்த்தேன். பாதிக்கு மேல் 'பொத்'.

பழசை அப்படியே வைத்திருந்தால் பழைய விதி. கழற்றி மாற்றினால் இன்றைய விதி. உயரம் 1070 மில்லிமீட்டர் வேண்டும். 100 மில்லிமீட்டர் உருண்டை எந்த இடைவெளியிலும் நுழையக்கூடாது, ஒரு குழந்தையின் தலைக்கான கணக்கு அது. குழந்தை கால் வைத்து ஏற வசதியாக எதுவும் இருக்கக்கூடாது. ஜாலியின் ஓட்டையோ ஏணிப்படி. விதியில் தப்பே இல்லை, பத்தாம் மாடியில் குழந்தை இருக்கிற யாரும் அதை எதிர்க்க மாட்டார்கள். சின்ன ஓட்டையாக, ஏற முடியாதபடி, புதிதாக ஜாலி வார்த்துத் தர ஒருவர் விலை சொன்னார். அலுமினியக் கம்பியைப்போல மூன்று மடங்கு. அறிக்கையில் இரண்டையும் எழுதினேன். 'பரிந்துரை' என்ற இடத்தில் அலுமினியம் என்று எழுதியதும் நான்தான். யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. கூட்டத்தில் அதைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. நாற்பது நிமிடமும் பேசியது கம்பிக்கு இளஞ்சாம்பலா, கருஞ்சாம்பலா என்று.

வேறு மாதிரியும் செய்யலாம் என்பதற்கு இப்போது பக்கத்து ஹாமில்டனில் சாட்சி இருக்கிறது. 1967இல் கட்டிய கென் சோபில் டவர், 18 மாடி, 146 வீடுகள், இடிக்கத்தான் லாயக்கு என்ற நிலைமை. இடிக்காமல் மேலே கனமான வெப்பக்காப்பு போர்த்தி, மூன்றடுக்குக் கண்ணாடி ஜன்னல் வைத்து 2021இல் முடித்தார்கள். குடியிருப்பவர்கள் முதியவர்கள். படம் எடுத்து மாட்டுகிற அழகு ஒன்றும் வந்துவிடவில்லை. ஆனால் ஜனவரியில் ஜன்னலோரம் உட்காரலாம். என் கட்டடங்களில் பால்கனித் தளமும் வீட்டுத் தளமும் ஒரே கான்கிரீட். குழம்பில் விட்ட கரண்டியின் பிடி சுடுவதைப்போல, தலைகீழாக, வெளிக்குளிர் அப்படியே கூடத்துக்குள் வரும். மெத்தையை அந்த ஓரத்தில் போட்டவர்கள் பாவம்.

புதிதாக எழும்புகிற கண்ணாடிக் கோபுரங்களைப் பற்றிக் கேட்டால் எனக்குச் சொல்ல அதிகமில்லை. கண்ணாடியைத் தட்டிப் பார்க்க முடியாது. 2011 கோடையில் பல புதுக் கட்டடங்களின் பால்கனிக் கண்ணாடி உடைந்து தெருவில் விழுந்து, மறு வருடம் மாகாண விதியையே மாற்றினார்கள். இரட்டைக் கண்ணாடிக்கு நடுவே ஈரம் புகுந்து மூட்டம் போடுகிற காலம் பலவற்றுக்கு நெருங்குகிறது. அந்த வேலை என் மகன் தலைமுறைக்கு.

ஸ்கார்பரோ வேலை மே மாதம் தொடங்கியது. அத்தனை வீட்டுப் பால்கனிக் கதவையும் திறக்க முடியாதபடி திருகாணி போட்டுவிட்டோம். ஏழாம் மாடியில் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர். பால்கனியில் வாளியில் வளர்த்த கறிவேப்பிலை இப்போது சோபாவுக்குப் பக்கத்தில் நின்றது.

"தம்பி, எப்ப கதவைத் திறந்து விடுவியள்?"

"செப்டம்பர்ல முடிஞ்சிரும்மா."

"போன மாசமும் உதைத்தான் சொன்னியள். கண்டு வாடுது, பாருங்கோ."

அக்டோபர் கடைசியில் முடிந்தது. கறிவேப்பிலையை வெளியே வைக்கிற காலமே போய்விட்டது. கடைசிச் சோதனைக்கு நூறு மில்லிமீட்டர் உருண்டையோடு அவர் வீட்டுக்குப் போனேன். ஒவ்வொரு கம்பி இடைவெளியிலும் அழுத்திப் பார்த்தேன், நுழையவில்லை. டீ கொடுத்தார்.

"வடிவாத்தான் செய்திருக்கிறியள். ஆனா முந்தி நான் நிண்டு பாக்கிறது ஒருத்தருக்கும் தெரியாது. இப்ப ரோட்டில போறவனுக்கு என்ர சாமிப்படம் வரைக்கும் தெரியுது."

பதில் சொல்லத் தெரியவில்லை. டீயைக் குடித்தேன்.

மறு வருடக் கோடையில் அந்தப் பக்கம் போனபோது வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். ஏழாம் மாடியில் கம்பி நெடுக ஒரு பச்சைச் சேலையை இழுத்துக் கட்டியிருந்தார். ஐந்தாம் மாடியில் ஒரு பூப்போட்ட படுக்கை விரிப்பு. பத்தில் நீலத் தார்ப்பாய், அதற்கு மேலே ஏதோ கால்பந்து அணியின் கொடி. எண்ணினேன், முப்பத்தொரு பால்கனி. அந்த வாரமே கட்டட மேலாளரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. வெளித்தோற்றம் கெடுவதாக உரிமையாளர் வருத்தப்படுகிறார். இந்தத் துணிகளால் காற்றழுத்தம் கூடிக் கிராதிக்கு ஆபத்து என்று எழுத்தில் கொடுத்தால் அவிழ்க்கச் சொல்ல வசதியாக இருக்கும் என்று கேட்டிருந்தார்.

பதினான்காம் மாடி உயரத்துக்குக் காற்றழுத்தம் போட்டு, சேலையின் நீளம் அகலம் போட்டு, முடிச்சு போடுகிற இடம் வரைக்கும் ஒரு மணி நேரம் கணக்குப் போட்டேன். கூலி கேட்கவில்லை. சேலை முதலில் கிழியும், கம்பிக்கு ஒன்றும் ஆகாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.