யூரியா சாக்கும் அங்ககச் சான்றும்

கோரையாற்றுப் பாசனத்தில் எங்களுக்கு ஏழரை மா நிலம். ஏக்கர் கணக்கில் இரண்டரை, ஹெக்டேரில் சொன்னால் ஒன்றுக்குக் கொஞ்சம் மேலே. அப்பா காலமான பிறகு அதில் மாப்பிள்ளைச் சம்பா என்ற பாரம்பரிய நெல் போட ஆரம்பித்தேன். விதை, திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவில் வாங்கியது. அங்கே இரண்டு கிலோ தருவார்கள், அடுத்த வருஷம் நாலு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். கடைமடை ஓரத்தில் நட்டுப் பெருக்கி, உரமும் மருந்தும் இல்லாமல் இரண்டு சம்பா ஓட்டிவிட்டேன். அதற்கப்புறம்தான் உதவி வேளாண்மை அலுவலர், "எப்படியும் செய்றீங்க, திட்டத்துல சேந்துடுங்களேன்" என்றார்.

பரம்பராகத் கிரிஷி விகாஸ் யோஜனா. வாயில் நுழையாததால் ஊரில் இதற்கு 'அங்ககத் திட்டம்' என்றே பெயர்; அங்ககம் என்றால் ரசாயனம் போடாத விவசாயம். மத்திய அரசு 2015-16இல் கொண்டுவந்தது. தனி ஆளாகப் போனால் கிடைக்காது, 20 ஹெக்டேருக்கு ஆள் சேர்த்துத் தொகுப்பாக வர வேண்டும். நாங்கள் சேர்ந்த சமயத்தில் ஹெக்டேருக்கு மூன்று வருஷத்துக்கும் சேர்த்து 31,500 ரூபாய். அதில் இடுபொருளுக்கென்று விவசாயி கணக்கில் நேரே விழுவது 15,000. மீதி பயிற்சி, சான்று, விற்பனை ஏற்பாடு என்று போய்விடும். ஆக, வருஷத்துக்கு ஐயாயிரம். நடவுக் கூலிக்கே காணாது. முதல் கூட்டத்தில் இந்தக் கணக்கைக் கேட்டதும் நாலு பேர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

கேட்ட காகிதங்கள் என்னவோ கொஞ்சம்தான். சிட்டா, அடங்கல், ஆதார், பாஸ்புக் நகல். சிட்டாவை எடுத்துப் பார்த்தால் தாத்தா பெயர்! தாத்தா போய் இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. அப்பாவும் சித்தப்பாவும் வாய்ப்பேச்சிலேயே பாகம் பிரித்து, நடுவில் ஒரு வரப்பைப் போட்டு, அதோடு விட்டுவிட்டார்கள். இரண்டு பேருக்கு இறப்புச் சான்று, இரண்டு பேருக்கு வாரிசுச் சான்று, ஓசூரில் இருக்கும் அத்தையின் கையெழுத்து, பாகப்பிரிவினைப் பத்திரம், அப்புறம் உட்பிரிவுக்கு மனு. கையெழுத்துப் போட வந்த அத்தை ஒரு மூட்டை அரிசியோடுதான் பஸ் ஏறினார். சர்வேயர் வந்த அன்று வயலில் முழங்கால் தண்ணீர். "வடியட்டும், வரேன்" என்று போனவர் அறுப்பு முடிந்துதான் வந்தார். அதற்குள் அந்த வருஷப் பட்டியல் போய்ச் சேர்ந்துவிட்டது. இயற்கை விவசாயத்துக்கு மாறப் போகிறவர்கள் மாட்டுச் சாணம் தேடுவதற்கு முன்னால் சிட்டாவில் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

அடுத்த வருஷம் சேர்ந்தோம். பயிற்சி இரண்டு நாள். பஞ்சகவ்யம், ஜீவாமிர்தம், பூச்சிவிரட்டி எல்லாம் ஏற்கெனவே செய்வதுதான், மதியச் சாப்பாடு நன்றாக இருந்தது.

உண்மையான தலைவலி தண்ணீர். படிவத்தில் ஒரு கேள்வி: பக்கத்து வயலிலிருந்து ரசாயனம் வராமல் தடுக்க என்ன செய்திருக்கிறீர்கள்? டெல்டாவில் வயலுக்கு வயல் பாய்ச்சல். சித்தப்பா வயல் மேட்டில், என்னுடையது பள்ளத்தில். அவர் மேலுரம் போட்டால் மறுநாள் என் பயிர் கூடக் கொஞ்சம் கருத்து நிற்கும். நான் காசு கொடுக்காமல் வந்த யூரியா! என் வயலுக்கு மட்டும் தனியாகத் தண்ணீர் வர ஒரு கன்னிவாய்க்கால், அதாவது சின்ன வாய்க்கால், வெட்ட வேண்டுமென்றால் அவர் வரப்போரமாக ஒன்றரை முழம் விட்டுத்தர வேண்டும். "நீ அங்ககம் பண்ண நான் நிலத்தை விடணுமா?" என்றார். நியாயமான கேள்வி. பத்து நாள் பேச்சுவார்த்தை இல்லை. கடைசியில் சித்தி நடுவில் புகுந்து முடித்துவைத்தார்: மூன்று வருஷத்துக்கு என் வைக்கோல் முழுவதும் அவருடைய மாடுகளுக்கு. மாப்பிள்ளைச் சம்பா ஆள் உயரம் வளரும், வைக்கோலுக்குப் பஞ்சமில்லை.

சான்று பி.ஜி.எஸ். என்ற பங்கேற்பு உத்தரவாத முறையில். குழுவில் இருக்கும் விவசாயிகளே ஒருவர் வயலை ஒருவர் ஆய்வு செய்து கையெழுத்துப் போட வேண்டும். உள்ளூரில் விற்க இது போதும். ஏற்றுமதி என்றால் என்.பி.ஓ.பி. என்கிற தேசிய அங்கக உற்பத்தித் திட்டச் சான்று வேண்டும், அது செலவு பிடிக்கும் வேறு பாதை.

என் வயலுக்கு வந்தவர்கள் நாலு பேர், எல்லோரும் மாமன் மச்சான் முறைதான். ஆனாலும் அன்றைக்கு எல்லார் முகத்திலும் ஒரு அதிகாரி களை. வரப்பைச் சுற்றினார்கள், குறிப்பேட்டைப் புரட்டினார்கள், ஜீவாமிர்த டிரம்மைத் திறந்து முகர்ந்தார்கள். அப்புறம் மாட்டுக்கொட்டகைக்குள் எட்டிப் பார்த்த ஒருவர் அப்படியே நின்றுவிட்டார். மூலையில் வரிசையாக ஆறு யூரியா சாக்கு.

"என்ன மாப்ள இது?"

அவிழ்த்துக் காட்டினேன். காய்ந்த எரு. எங்கள் பக்கம் எரு, தேங்காய், உளுந்து என்று எதை அள்ளினாலும் யூரியா சாக்கில்தான் அள்ளுவோம். கேட்டவர் உட்கார்ந்திருந்த சைக்கிள் கேரியரிலும் அதே சாக்குதான் மடித்துக் கட்டியிருந்தது. சிரித்து முடித்துவிட்டு, ஆறையும் அப்புறப்படுத்தச் சொல்லிக் குறிப்பேட்டில் எழுதிவிட்டுத்தான் போனார்கள். அந்தக் கறாருக்காகவே எனக்கு இந்த முறை பிடித்துப்போயிற்று. ஆனால் வேறொருவர் வயலில் களைக்கொல்லி அடித்த தடம் தெரிந்தபோது, சொந்தக்காரரை விலக்கிவைக்கக் கையெழுத்துப் போடுவது அவ்வளவு லேசாக இல்லை.

திட்டத்தின் மூன்று வருஷம் முடிந்து சான்று வந்தது. மாவுக்குப் பத்து மூட்டை கண்ட நிலம் முதல் வருஷம் ஐந்தரைக்கு இறங்கி, இப்போது ஏழில் நிற்கிறது. அரசு நெல் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால் சான்றுக்கென்று தனி விலை கிடையாது, அங்கே ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். அதனால் நெல்லை வீட்டில் வைத்து, அவ்வப்போது அரைத்து, தெரிந்தவர்களுக்கு அரிசியாக விற்கிறேன். முதலில் கேட்கிறவர்கள் சான்றின் படத்தை அனுப்பச் சொல்கிறார்கள். இரண்டாம் முறை யாரும் கேட்பதில்லை.

வைக்கோல் ஒப்பந்தமும் போன தையோடு முடிந்தது. கன்னிவாய்க்காலைச் சித்தப்பா தூர்க்கவில்லை. அவர் இன்னும் யூரியா போடுகிறவர்தான். போடுவதற்கு முதல் நாள் சாயங்காலம் போன் வரும். "தம்பி, நாளைக்கு உரம் போடுறேன். உன் மடையை அடைச்சுக்க."