அத்தை வீட்டு டிஷ்ஷும் என் சங்கமும்

போன மாதம் கோலாலம்பூர் (கேஎல்) செந்தூலில் ஒரு கல்யாண வீட்டில் அத்தை பிடித்துக்கொண்டார். "தம்பி, நீ சேட்டலைட்லதானே வேலை பார்க்கிற? மழை வந்தா எங்க வீட்டு டிவியில படம் நின்னுடுது, ஒரு எட்டு வந்து பார்த்துட்டுப் போயேன்." வந்து பார்த்தாலும் ஒன்றும் ஆகாது, டிஷ்ஷுக்கு வரும் கேயூ பேண்ட் என்ற உயர் அதிர்வெண் அலையை மழைத்துளி விழுங்கிவிடும், அதிலும் கேஎல் மழை என்றால் கேட்கவே வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் பந்திக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

துணைக்கோளோடு சிக்னல் பரிமாறும் தரைநிலையத்தில் வேலைக்குச் சேர்ந்து பதினோரு வருடம் ஆயிற்று. பூமத்திய ரேகைக்கு மேலே ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில், 91.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில் மலேசியாவின் மீசாட் துணைக்கோள்கள் நிற்கின்றன. நமக்குக் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு நேரே. (நம் ஊர் டிஷ் எல்லாம் மழைக்கு ஏந்திய தட்டு மாதிரி மல்லாந்து கிடப்பது அதனால்தான்.) இதை எல்லாம் பேச வீட்டில் ஆள் கிடையாது.

அதனால்தான் எஸ்எஸ்பிஐயில் சேர்ந்தேன். 1983இல் அமெரிக்காவில் தொடங்கிய துணைக்கோள் தொழில்வல்லுநர் சங்கம், பிற்பாடு பெயரில் விண்வெளியையும் சேர்த்துக்கொண்டார்கள். தொழிற்சங்கம் இல்லை, சம்பளத்துக்குச் சண்டை போட மாட்டார்கள். விருது, விருந்து, அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் போன்றவர்களைச் சேர்த்த புகழ் மண்டபம் எல்லாம் உண்டு, உண்மையைச் சொன்னால் அதில் எனக்குப் பெரிய ஈடுபாடு இல்லை.

எனக்குப் பிடித்தது வேறு. ஒருநாள் இரவு எங்கள் கேரியர் (சிக்னலைச் சுமக்கும் அலை) மேல் இரைச்சல் ஏறியது. எங்கோ ஒருவர் ஆன்டெனாவின் போலரைசேஷனை, அதாவது அலை அதிரும் திசையை, சரியாகத் திருப்பாமல் அனுப்பினால் அவருடைய சிக்னல் பக்கத்து வீட்டு வாசலில் கொட்டின குப்பை மாதிரி நம் பக்கம் வந்து விழும். பெரும்பாலான குறுக்கீடு இப்படிப்பட்ட மனிதத் தவறுதான், வேண்டுமென்றே செய்வது குறைவு. ஆனால் எந்த நிறுவனமும் வாய் திறக்காது, அன்றைக்குக் குப்பை கொட்டியவர்களும் திறக்கவில்லை. சங்கத்தின் மூலம் பழக்கமான ஒரு பெரியவரிடம் கேட்டேன், சிரித்துவிட்டு, "நானும் ஒரு தடவை இதே தப்பைச் செய்து மூன்று மணி நேரம் அடுத்தவர்களைத் திட்டிக்கொண்டிருந்தேன்" என்றார். அப்புறம் எங்கே தொடங்கித் தேட வேண்டும் என்று படிப்படியாகச் சொன்னார். அந்த ஒரு போன் காலிலேயே வருடச் சந்தா கழிந்துவிட்டது.

கேஎல்லில் நம் ஆட்கள் இந்தத் தொழிலில் யாராவது இருந்தால் சொல்லுங்கள், பிரிக்பீல்ட்ஸில் ஒரு தே தாரிக் குடிக்கலாம். சரி, மழை இருட்டிக்கொண்டு வருகிறது, அத்தை போன் செய்வதற்குள் கிளம்புகிறேன்.